புரை ஏறியும் இருமல் வராதபோது

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்போம். பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்குப் புரை ஏறியதே தெரியாது; இருமலே வராமல் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குடித்ததும் குரல் கொழகொழத்தால் அதுதான் அறிகுறி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்தோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலிருந்தோ குடியாத்தம், ஆரணி பக்கம் திரும்புகிறவர்கள் மூக்குக் குழாயில் ஊட்டப் பழகிவிடுகிறார்கள். வயிற்றைக் கையால் அமுக்கி இருமவைக்கப் பழகுவோர் குறைவு. கேட்டு, பிசியோதெரபிஸ்ட் கண்முன்னால் செய்து பார்த்துவிட்டே ஊருக்குக் கிளம்புங்கள்.

இருமலின் வேகத்தை பீக் ஃப்ளோ மீட்டரில் (வாயில் வைத்து ஊதினால் காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி) பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் உஷார். 160க்குக் கீழே என்றால் சளியைத் தானாகத் தள்ள முடியாது. தசைநோய்க்காரர்களை வைத்து வந்த கணக்கு இது, பக்கவாதத்துக்குத் தோராயம்தான்.

இருமவைப்பதை ஊட்டுவதற்கு முன்னால், அல்லது ஊட்டி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது அமுக்கினால் உணவு மேலே வந்து மறுபடி நெஞ்சுக்குள் போகும். முதலில் வாயைச் சுத்தம் செய்யுங்கள். தலைமாட்டை உயர்த்தி, முழங்காலை மடக்கி வையுங்கள். உள்ளங்கை தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே; நெஞ்செலும்பின் நுனியில் படக்கூடாது. "நல்லா இழுங்க... அடக்குங்க... இருமுங்க!" கடைசிச் சொல்லோடு கையும் உள்ளே, மேலே போக வேண்டும். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்: கை முந்தினால் இழுத்த காற்று வீணாகக் கசியும், பிந்தினால் இருமலின் வேகம் அடங்கியிருக்கும். பேச்சு புரியாதவருக்கு நீங்களே இருமிக் காட்டி, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துத் தள்ளுங்கள். மூன்று நான்கு முறை, பிறகு ஓய்வு.

வயிற்றில் குழாய் போட்டிருந்தால் வயிற்றை விட்டுவிட்டு, விலாவின் இரு பக்கமும் கை வைக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலா முறிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவு, அண்மையில் வயிற்று ஆபரேஷன் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் கை வைக்கவே வேண்டாம்.

மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, உடனே வெளியே இழுத்து இருமவைக்கும் காஃப் அசிஸ்ட் மெஷினில் அழுத்தத்தை 15, 20 செ.மீ. (நீர் அழுத்த அளவு) என்று தொடங்கி மெல்ல 40 வரை ஏற்றுவார்கள். எடுத்த எடுப்பில் கூட்டினால் தொண்டை இறுகிக் காற்றே போகாது. கோணிய வாய்ப்பக்கம் மாஸ்க் ஒழுகும். அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடியுங்கள்.

மேலே வந்த சளியை அவரால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. சக்‌ஷனை (சளி உறிஞ்சும் மெஷினை) முன்கூட்டியே ஓடவிட்டு வையுங்கள். இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகும். இருமல் தொல்லை என்று கடையில் சிரப் வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. இருமலை அடக்கும் சிரப் என்றால், மிச்சமிருக்கும் காவலையும் அது அனுப்பிவிடும்.