நந்தனப் படியில் இரண்டு பேர்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளை முதன்முதலாகச் சுவாமிமலைக்கு அழைத்துப் போவது பெற்றவர்களின் வேலை இல்லை, தாத்தா பாட்டிகளின் வேலை. என்னை என் அப்பாயி கூட்டிப்போனார். அண்ணனை அம்மாவின் அப்பா கூட்டிப்போனார். என் மகளை அழைத்துப் போகும் முறை என் அம்மாவுக்கு. கொரோனா வந்தது, அப்புறம் அம்மாவின் முழங்கால் வலி வந்தது, தள்ளிக்கொண்டே போய்விட்டது. போன கார்த்திகையில் அம்மாவே முடிவு செய்துவிட்டார். "நந்தன வருஷத்துல பொறந்த பிள்ளைய நந்தனத்துல பொறந்தவதான் கூட்டிட்டுப் போகணும். இன்னும் தள்ளினா எனக்குக் கால் வராது."

சுவாமிமலை கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரம் இருக்கிறது. அறுபடை வீடுகளில் நான்காவது. சங்கப் பாட்டில் 'ஏரகம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். பெயரில் மலை இருந்தாலும் ஊரைச் சுற்றி வயல்தான். மலை என்பது கல்லை அடுக்கி எழுப்பிய கட்டுமலை. அதன் மேல் சுவாமிநாதன். தகப்பனுக்கே பிரணவத்தின் பொருள் சொன்னதால் தகப்பன்சாமி.

தஞ்சாவூரிலிருந்து காலை ரயிலில் போய் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம். கோபுரத்துக்கு முன்னால் வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தலையை நிமிர்த்திக் கலசம் வரைக்கும் பார்த்துக் கும்பிட்டார். மகள் உள்ளே ஓடப் பார்த்தாள். "நில்லு பாப்பா. வாசல்ல நின்னு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் உள்ள போகணும். யாரு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான்."

இங்கே அப்பா அம்மாவின் சன்னிதி கீழே, பிள்ளையின் சன்னிதி மேலே. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மலைக்கு அடியில் இருக்கிறார்கள். வரிசையைப் பார்த்துப் பயந்து பலர் நேராகப் படி ஏறிவிடுகிறார்கள். அம்மா விடவில்லை. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டுமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மேலே இருக்கும் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தவர்களே அவர்கள்தானே.

அப்புறம்தான் படிகள். மொத்தம் 60. தமிழ் வருடங்கள் அறுபதும் படிகளாக இருந்து முருகனைத் தாங்குவதாக ஐதிகம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வருடத்தின் பெயர். பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடியும். அம்மாவுக்கு அறுபதும் தலைகீழ்ப் பாடம். அவருடைய பாட்டி திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு, நான் ஏறி வர்றேன்" என்று மகளை முன்னால் விட்டார்.

அவள் குனிந்து குனிந்து படித்தாள். "பிரபவ... விபவ... சுக்ல..." ஒவ்வொரு பெயருக்கும் அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தார். தேய்ந்து போன எழுத்து வந்த இடத்தில் மட்டும் அடுத்த பெயரை மெதுவாக எடுத்துக்கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் தாண்டாமல், மகள் படிப்பதைக் கேட்டுக்கொண்டே கூட ஏறினார்.

இருபத்தாறாவது படி நந்தன. "அம்மாச்சி, இதுதான் உங்களோடது!" என்றாள். அம்மா பிறந்தது 1952 ஆவணி. "உன்னோடதும் இதுதான்" என்றார் அம்மா. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பிறந்தது 2013 ஜனவரி. அறுபது வருடம் கூட்டினால் 2012தானே வருகிறது என்று கணக்குப் போட்டாள். "ஜனவரின்னா தை. தமிழுக்குச் சித்திரை பொறந்தாத்தான் வருஷம் மாறும். நீ பொறந்தப்ப நந்தனம் முடியல" என்றார் அம்மா. அறுபது வருடம் ஒரு சுற்று. சுற்று முடிந்து மறுபடி அதே பெயர் வரும்போதுதான் மணிவிழா செய்கிறோம். அம்மாவின் வருடம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தபோது இவள் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் அந்தப் படியில் சேர்ந்து நின்றார்கள். நான் போட்டோ எடுக்கவில்லை. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கையில் அம்மாவின் பை.

முப்பத்து நான்கு, சார்வரி. அம்மா குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 2020இல் அப்பா போனது அந்த வருடத்தில். ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குப் புரிந்தது, அவளும் தொட்டாள். முப்பத்தொன்பதாவது படி அப்போது நடந்துகொண்டிருந்த விசுவாவசு. அங்கே கொஞ்சம் உட்கார இடம் கிடைத்தது. தண்ணீர் குடித்தோம்.

நாற்பத்தெட்டு, ஆனந்த. "இந்த வருஷம் வைகாசியிலதான் எனக்குக் கல்யாணம்" என்றார் அம்மா. அது 1974. மகள் அடுத்த படியைப் படிக்கப் போய்த் தயங்கினாள். "அம்மாச்சி, ராட்சசன்னு போட்டிருக்கு. ஆனந்தத்துக்குப் பக்கத்துலயேவா?"

"ஆமா. புதுசாக் கல்யாணம் ஆகி வந்தவ, பஞ்சாங்கத்துல அடுத்த வருஷம் பேரைப் பார்த்துட்டுப் பயந்துதான் கிடந்தேன். அந்த ராட்சச வருஷந்தான் உங்க மாமா பொறந்தான். அதுக்கப்புறம் பேரைக் கேட்டு நான் பயந்ததே இல்ல."

ஐம்பத்தைந்தாவது படி துன்மதி. என் படி. 1981 ஐப்பசியில் பிறந்தவள் நான். இந்தப் பெயரைச் சொல்லிச் சின்ன வயதில் அண்ணன் என்னைச் சீண்டியது உண்டு. அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. அம்மா அன்றைக்குத்தான் சொன்னார். "துன்மதியில பொட்டப்புள்ள பொறந்திருக்கே, பரிகாரம் ஏதாச்சும் பண்ணணுமேன்னு பார்க்க வந்தவங்க ஆளாளுக்குப் பேசினாங்க. உங்க அப்பாயி உள்ளேருந்து வந்து, 'பேரு வருஷத்துக்கு, புள்ளைக்கு இல்ல. பார்த்துட்டீங்கல்ல, காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க'ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு."

என் கையைப் பிடித்து இதே படிகளில் ஏற்றிக் கூட்டிப்போனவர் அந்த அப்பாயி. கறாரான மனுஷி. மருமகளிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. தன் மாமியார் சொன்ன ஒரு சொல்லை அம்மா இத்தனை வருடம் மனதில் வைத்திருந்து, அந்தப் படி வந்தபோது எடுத்துக் கொடுத்தார். இதை வீட்டிலேயே எப்போதோ சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சமையலறையில் சொல்லியிருந்தால் "சரிம்மா" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பேன். படியில் நின்றுகொண்டு கேட்டதால் முழுசாகக் கேட்டேன்.

மேலே கண் கொடுத்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டுச் சன்னிதிக்குப் போனால் எதிரே மயிலுக்குப் பதில் யானை. இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பது தலபுராணம். தீபாராதனை நேரத்தில் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா அவள் தோளைத் தட்டினார். "இவ்வளவு தூரம் வந்தது பார்க்கத்தானே? கண்ணத் தொறந்து வச்சுக்க. பாதத்துலேருந்து ஆரம்பி. காலு, இடுப்புல வச்ச கை, தண்டம், மார்பு, கடைசியா முகம். வீட்டுக்குப் போய்க் கண்ண மூடினா அப்படியே வரணும்." இதே வார்த்தைகளை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் எனக்கு அப்படியே வரும்.

விபூதி அபிஷேகத்தின்போது இந்தச் சுவாமி முதிர்ந்த ஞானி போலவும், சந்தன அபிஷேகத்தின்போது இளம் பாலகன் போலவும் தெரிவார் என்று சொல்வார்கள். நாங்கள் போனபோது அபிஷேகம் முடிந்து அலங்காரம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த நினைப்போடு பார்த்தால் முகத்தில் இரண்டும் தெரிகிறது.

தரிசனம் முடிந்ததும் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். கோயிலில் கொஞ்ச நேரம் உட்காராமல் கிளம்பக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மகள் கேட்டாள், "சிவனுக்கே ஓம்முக்கு அர்த்தம் தெரியாதா அம்மாச்சி?"

பிரம்மாவுக்குப் பிரணவத்தின் பொருள் சொல்லத் தெரியவில்லை, முருகன் அவரைச் சிறையில் வைத்தான், விடுவிக்க வந்த சிவன் 'உனக்குத் தெரியுமா' என்று கேட்டார், 'மாணவனாகக் கேட்டால் சொல்வேன்' என்றான் பிள்ளை. கதை அவளுக்குத் தெரியும். இந்த இடம் மட்டும்தான் இடித்தது.

"தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டாரு" என்றார் அம்மா. "நமக்குத் தெரிஞ்சத நாமளே சொல்லிக்கிட்டிருந்தா பிள்ளைங்க எப்பச் சொல்றது? அது வாயால வரட்டும்னு பணிஞ்சு கேட்டாரு. பெரியவங்களுக்கு அது லேசுல வராது."

எனக்குச் சற்றுமுன் ஏறி வந்த படிகள் ஞாபகம் வந்தன. அறுபது பெயரும் மனப்பாடமாகத் தெரிந்தவர், பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க "ம்" கொட்டிக்கொண்டே ஏறினார். பெரியவர்கள் நமக்குக் கொடுத்தவை என்றால் அவர்கள் சொன்ன வார்த்தைகளைத்தான் நினைக்கிறோம். அவர்கள் வாய்மூடி நமக்கு விட்டுக்கொடுத்த நேரங்கள் கணக்கில் வருவதே இல்லை. எனக்கு இப்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வேண்டுதலிலும் அம்மாவிடம் ஒரு முறை உண்டு. அதுவும் அப்பாயி வழி வந்ததுதான். யாரோடு மனஸ்தாபமோ அவர்கள் பேரைச் சாமியிடம் முதலில் சொல்ல வேண்டும். "அவங்க நல்லா இருக்கணும்னு சொல்லிட்டு அப்புறமா உனக்குக் கேளு. அப்பத்தான் கேட்க வாய் கூசாது." மகள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பேரைச் சொன்னாளாம். பென்சில் பாக்ஸ் விஷயத்தில் பேச்சு இல்லை. "நீங்க யார் பேரச் சொன்னீங்க?" என்று அவள் கேட்டதற்கு அம்மா தயங்கவே இல்லை. "உங்க அம்மா பேரத்தான். மாத்திரை போடல, மாத்திரை போடலன்னு ரெண்டு நாளா என்னைப் படுத்துறா." நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடை சாத்தும் நேரம் ஆனதும் இறங்கினோம். சுவாமிமலை வந்துவிட்டு ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றையாவது பார்க்காமல் போகக் கூடாது. ஐம்பொன் சிலைகளுக்குப் பேர் போன ஊர் இது, புவிசார் குறியீடும் பெற்றது. நாங்கள் போன பட்டறையில் ஒரு பெரியவர் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருக்கிய மெழுகைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேரன். பையன் கையில் தென்னை ஓலைக் கீற்று ஒன்று. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுக்கிறான். முகம் இத்தனை, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று சிற்ப சாஸ்திரத்தின் தாளக் கணக்கெல்லாம் அந்த மடிப்புகளுக்குள் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளக்கலாமே என்று மகள் கேட்டாள். "வாயால சொன்ன அளவு மறந்துடும் பாப்பா. மடிச்ச அளவு வெரலுக்குத் தெரியும்" என்றார் பெரியவர்.

மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடுபடுத்தி மெழுகை உருக்கி வெளியே எடுப்பார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. அடுத்ததை மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். பையன் ஒரு மடிப்பைத் தப்பாக மடித்தான். பெரியவர் பார்த்தார், கையை நீட்டவில்லை. பையனே ஓலையைப் பிரித்து, முதலிலிருந்து மடித்தான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருக்கார்த்திகை, தைப்பூசம், கந்த சஷ்டி நாட்களில் கூட்டம் அதிகம், படியில் நிற்கவே விட மாட்டார்கள். சாதாரண நாளில், காலையில் சீக்கிரம் போங்கள். அப்போதுதான் அவர்கள் நின்று நின்று ஏறலாம், நீங்களும் நின்று கேட்கலாம். உங்களுடைய படி எது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். அப்பா அம்மாவின் படியையும்.

சித்திரை முதல் நாளில் இந்த அறுபது படிகளுக்கும் திருப்படி பூஜை நடக்கும். அடுத்த சித்திரையில் அதற்குப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். இந்தத் தடவை படியைப் பார்க்காமலே அறுபதையும் தான் சொல்வதாக மகள் சொல்லியிருக்கிறாள். வீட்டில் தினமும் ஒத்திகை நடக்கிறது. விரோதியும் விரோதகிருதுவும் இன்னும் இடம் மாறுகின்றன. குரோதி வர வேண்டிய இடத்தில் குரோதன வந்துவிடுகிறது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே "யோசிச்சுப் பாரு" என்கிறார், எடுத்துக்கொடுப்பதில்லை.