கென்னன்: எழுத்து தூக்கிவிட்டது, வாய் கவிழ்த்தது

1946 பிப்ரவரி. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் இல்லாததால் பொறுப்பு அங்கிருந்த அமெரிக்க அதிகாரி ஜார்ஜ் கென்னனிடம். உலக வங்கியில் சேர சோவியத் ஏன் தயங்குகிறது என்று வாஷிங்டன் கேட்டது. சளி, காய்ச்சலோடு படுத்தபடியே 5,000 சொற்களுக்கு மேல் தந்தியில் பதில் சொன்னார். அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்ததில் ஒரு சூட்சுமம்: ஒரே தந்தியாகப் போனால் நீளம் கண்ணை உறுத்தும்!

அடுத்த ஆண்டு 'எக்ஸ்' என்ற புனைபெயரில் வந்த அவரது கட்டுரை, சோவியத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கு அடித்தளம். அவர் நினைத்தது பெரும்பாலும் அரசியல் வழி. வாஷிங்டன் பிடித்துக்கொண்டது ஆயுதத்தை.

1952-ல் அவரே மாஸ்கோ தூதரானார். செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்களிடம், மாஸ்கோ வாழ்க்கையை நாஜிக்கள் தன்னைக் காவலில் வைத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டார். இத்தனை அனுபவசாலி இப்படி வாய்விட்டிருக்க வேண்டாம். அக்டோபரில், அவர் தூதராகத் திரும்பி வர முடியாதபடி சோவியத் கதவைச் சாத்தியது.