‘நடுநிலை’ என்று எழுதிய நாள்

சிங்கப்பூரில் தமிழ்ச் செய்திப் பிரிவு ஒன்றில் மொழிபெயர்ப்பது என் வேலை. போர்ச் செய்தியை எழுதுவது ஒன்று. அந்தப் போரைப் பற்றி அரசாங்கம் சொன்னதை எழுதுவது வேறு. முன்னதில் குண்டு விழுந்தது, வீடு இடிந்தது என்று எழுதிவிடலாம். பின்னதில் ஒரு சொல் இடறினாலும், நாடு சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும்.

2022 பிப்ரவரி 28, திங்கட்கிழமை. கொவிட் இன்னும் விட்டபாடில்லை. எங்களில் பலர் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தோம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் பேசப்போகிறார். ‘ஆழ்ந்த கவலை’, ‘பேச்சுவார்த்தை’ என்று வழக்கமானவைதான் வரும் என்று நினைத்து, பழைய செய்தி ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். வருஷக்கணக்கில் இந்த வேலை பார்த்தால் அப்படி ஒரு சோம்பேறித்தனம் ஒட்டிக்கொள்ளும்.

பழைய செய்தி உதவவில்லை. ஐநா பாதுகாப்பு மன்றத்தில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் ரத்து அதிகாரம் ரஷ்யாவுக்கு இருக்கிறது, அங்கிருந்து ஒன்றும் வராது. ஆகவே மற்ற நாடுகளோடு சேர்ந்து சிங்கப்பூரும் தடை விதிக்கும் என்றார் அமைச்சர். அந்த மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் இந்த நாடு அப்படிச் செய்வது மிக அரிது. அந்த உரையில் ஒரு வாக்கியம்தான் என்னை அரைமணி நேரம் பிடித்துவைத்தது. ஒரு நாட்டின் சுதந்திரமே வரலாற்றுப் பிழைகளாலும் பைத்தியக்காரத்தனமான முடிவுகளாலும் வந்தது என்று காரணம் காட்டி அதைத் தாக்குவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம்.

“அமைச்சர் வாயில பைத்தியமா? நாகரிகமாப் போடும்மா” என்றார் எங்கள் மேசைப் பொறுப்பாளர் அண்ணன். ‘விவேகமற்ற’ என்று மாற்றிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. “அது அவர் சொல் இல்லண்ணே, தாக்குறவங்களோட வாதத்த எடுத்துக் காட்டுறார்” என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அறுபத்தஞ்சையும் நாளைக்கு ஒருத்தன் அப்படிச் சொல்லிட்டு வரலாம்ல... சரி, பைத்தியமே இருக்கட்டும்” என்றார். மலேசியாவிலிருந்து பிரிந்த ஆண்டு அது. அந்த உரை யாருக்காக என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் வேலை ஓடியது. தடைக்குள்ளான விடிபி, விஇபி, பிரோம்ஸ்வியாஸ், ரோஸியா என்று நான்கு ரஷ்ய வங்கிகளின் பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்த்ததும், முதல் பெயரை ‘விவிபி’ என்று தப்பாக அடித்துவிட்டுத் திருத்தியதும் நினைவிருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் தடை விதித்த ஒரே நாடு சிங்கப்பூர். ஐநா பொதுச் சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. அதில் சிங்கப்பூரும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் வாக்களிக்கவில்லை. அதை எழுதும்போது, வாசகர்கள் பலரின் சொந்த ஊர் எது என்ற எண்ணம் வராமல் இல்லை.

ஏப்ரல் 7தான் என்னை மாட்டிவிட்டது. உக்ரேனின் புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்களின் படங்கள் உலகம் முழுக்கப் பரவியிருந்தன. ஐநா மனித உரிமை மன்றத்திலிருந்து ரஷ்யாவை இடைநீக்கம் செய்யும் தீர்மானம் நியூயார்க்கில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஆதரவு 93, எதிர்ப்பு 24, வாக்களிக்காதவை 58. அந்த 58இல் சிங்கப்பூர். தூக்கக் கலக்கத்தில் ‘சிங்கப்பூர் நடுநிலை வகித்தது’ என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகரின் அழைப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிழை கண்டால் விடாதவர்.

“ஏம்மா, நடுநிலைன்னா என்ன?”

“ரெண்டு பக்கமும் சேராம இருக்கிறது, ஐயா.”

“குறள்ல ஒரு அதிகாரத்துக்கே பேரு நடுவுநிலைமை. தராசு மாதிரி எடைபோட்டு, ஒரு பக்கம் சாயாம தீர்ப்புச் சொல்றது. தராசையே தூக்காம இருக்கிறதுக்கா அந்தப் பேரு?”

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று முனகினேன். வைத்துவிட்டு, சிங்கப்பூர் தந்த விளக்கத்தை மறுபடி படித்தேன். மனிதநேயச் சட்ட மீறல்கள் பற்றிய தகவல்கள் மிகுந்த கவலை தருகின்றன. அவற்றை ஆராய அமைக்கப்பட்ட சுயேச்சை விசாரணை ஆணையம் தன் வேலையை முடிக்கட்டும் என்பது அதன் போக்கு. அதாவது தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். சட்டம் பேசுகிறவர்கள் சாட்சி கேட்பது நியாயம்தான். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தபின் அந்த முடிவு எனக்கு உவப்பாக இல்லை. என் உவப்பு செய்தியில் வராது, வரவும் கூடாது. அன்று முதல் ‘வாக்களிக்காமல் விலகியது’ என்றுதான் எழுதுகிறேன்.

ஆசிரியர் சொன்ன பொருளுக்குப் பொருத்தமான உதாரணம் அமைச்சரின் பிப்ரவரி உரையிலேயே இருந்தது. 1983இல் நட்பு நாடான அமெரிக்கா கிரெனடாவுக்குள் படை அனுப்பியபோது, அதைக் கண்டித்த ஐநா தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது.

பிறகு காஸா. 2024 பிப்ரவரி 29 அன்று, இஸ்ரேலின் ராணுவ நடவடிக்கை மிஞ்சிப் போய்விட்டது என்று அதே அமைச்சர் அதே நாடாளுமன்றத்தில் சொன்னார். ‘எல்லை மீறிவிட்டது’ என்று கை தானாக அடித்தது. எல்லைக்காகவே சண்டை நடக்கும் இடத்தைப் பற்றிய செய்தியில் அது வேறு பொருள் தரும். ‘அளவு மீறிவிட்டது’ என்று மாற்றினேன். போர்ச் சட்டமும் அளவைத்தான் கேட்கிறது: கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிய கேடு பொதுமக்களுக்கு வரக்கூடாது.

அதற்கும் ஈசூன் அழைப்பு வந்தது. சொல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “ரஷ்யாவுக்குத் தடை போட்டாங்க. இவங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். அதை நீங்கள் அமைச்சரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

2025 செப்டம்பரில், பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையில் குடியிருப்பு அமைத்து வன்முறையில் ஈடுபடும் இஸ்ரேலியத் தீவிரக் குழுக்களின் தலைவர்கள்மீது குறிப்பிட்ட தடைகள் விதிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆங்கிலத்தில் ‘settlers’ எனப்படும் அவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது? ‘குடியேறிகள்’ என்றால் இங்கே அது என் தாத்தாவைக் குறிக்கும் சொல். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றால் உரையில் இல்லாததை நான் சேர்த்ததாகும். ‘சட்டவிரோதக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்’ என்று போட்டுப் பார்த்தேன். தலைப்பில் இடம் கொள்ளவில்லை. நேரமாகிவிட்டது. தலைப்பில் ‘குடியேறிகள்’ என்றே போனது.

மறுநாள் காலை முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈசூனிலிருந்து அழைப்பு வரவில்லை.