படுத்தால் தெரியும், நிமிர்ந்தால் மறையும்

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது, எடிட்டிங் பிரிவின் கணினி ஒன்று மூன்று முறை என் மேஜைக்கு வந்தது. முதல் இரண்டு முறையும் அதைச் சரிசெய்துவிட்டதாகவே நம்பினேன்.

முதல் முறை மானிட்டர் இருட்டு. கேபிளை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் தாய்ப்பலகை) இருக்கும் போர்ட்டுக்கு மாற்றினால் படம் வந்தது. விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டின் பெயரே இல்லை. அங்கேயே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பெயர் இருந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழை எண்ணும் வந்தால் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, சந்தேகிப்பதில் அர்த்தம் உண்டு. மதர்போர்டுக்கே தெரியாத கார்டுக்கு டிரைவர் என்ன செய்யும்? ஆனால் கைப்பழக்கம் விடுமா! மேஜைக்குத் தூக்கி வந்து ஆன் செய்தேன், கார்டு தெரிந்தது. டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாகப் போட்டு, பெருமையாக அனுப்பி வைத்தேன்.

மறுநாளே, "திரும்பவும் காணோம் சார்" என்றார் எடிட்டர்.

இந்த முறை பவர் பக்கம் போனேன். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டியதை 8 பின் கேபிள் தர வேண்டும், ஒரு கேபிளுக்கு 150 வாட். இந்தக் கார்டுக்கு அப்படி இரண்டு. இரண்டையும் கழற்றி, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். கார்டின் தங்க முலாம் பூசிய விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ஆன் செய்தால் கார்டு இருக்கிறது. அழுக்குதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது முறை, கணினியை அதன் இடத்தில் வைத்தே விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் பூட் செய்து பார்த்தேன். அதிலும் கார்டு இல்லை. அப்போ விண்டோஸ், டிரைவர் எல்லாம் நிரபராதி. மேஜைக்குக் கொண்டு வந்தேன், ஆன் செய்தேன், கார்டு வந்துவிட்டது. நான் இன்னும் எதையுமே தொடவில்லை! அப்போதுதான் உறைத்தது: என் மேஜையில் கேபினெட் எப்போதும் படுத்துக் கிடக்கும். அவர் இடத்தில் அது நிற்கும்.

அணைத்து, மேஜையிலேயே நிமிர்த்தி வைத்து ஆன் செய்தேன். காணோம். கார்டின் நுனியை விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன். வந்தது.

ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் கார்டு, கேபினெட் நிற்கும்போது பின்பக்க ஸ்குருவை மட்டும் பிடித்துக்கொண்டு கிடைமட்டமாகத் தொங்குகிறது. மறுமுனை சரிகிறது. ஸ்லாட்டில் மொத்தம் 164 தொடுமுனைகள். விளிம்பு கொஞ்சம் கோணினாலும் சில விலகிவிடும். கார்டு இருக்கிறதா என்று மதர்போர்டு அறிந்துகொள்ளும் பின்களில் ஒன்றும் அந்தக் கோடியில்தான் இருக்கிறது. ஆக, இரண்டு முறையும் அதைக் குணப்படுத்தியது நானல்ல, என் மேஜை.

இப்படிச் சரியாமல் பிடிக்கத்தானே ஸ்லாட் ஓரத்தில் ஒரு கொண்டி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்திருந்தது. முன்பொரு நாள் தூசி தட்டுவதற்காக நான் கார்டைக் கழற்றியதும், கொண்டிக்கு விரல் எட்டாமல் ஸ்குரூடிரைவரால் நெம்பியதும், 'டப்' என்று கேட்டதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தன.

கார்டின் கீழே ஒரு தாங்கு கம்பி வைத்து நிறுத்தினேன்.

"என்ன சார் பிரச்சினை?" என்றார் எடிட்டர்.

"கார்டு கொஞ்சம் வெயிட்டு" என்றேன்.