பின்னாடி தேய்ச்சு விதை போடுற குருவி

கிச்சன் ஜன்னல்கிட்ட நின்னு பாத்திரம் கழுவும்போது ரொம்ப நாளா ஒரு சத்தம், டிக்... டிக்... டிக்னு, கேஸ் லைட்டரை விட்டு விட்டு அமுக்குற மாதிரி. வெளிய இருக்குற செர்ரி மரத்துல இருந்துதான் வருது (ஊர்ல தேன்பழம்னு சொல்வோமே, அதேதான்), ஆனா ஆளைக் காணோம். ஒருநாள் பளிச்னு ஒரு செவப்பு தெரிஞ்சுது. உச்சந்தலையில ஆரம்பிச்சு வால் அடி வரைக்கும் ஒரே இழுப்புல குங்குமம் தடவுன மாதிரி, ரெண்டு பக்கமும் கருப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, மொத்தமே 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். செம்முதுகுப் பூங்கொத்தி. சிங்கப்பூர்ல பார்க், ரோட்டோர மரம்னு எல்லா இடத்துலயும் இருக்கு, இத்தனை வருஷமா நான்தான் அண்ணாந்து பாக்கல. 1758ல லின்னேயஸ்ங்கிற விஞ்ஞானி வச்ச லத்தீன் பேருக்கு ரத்தம் தோஞ்சதுன்னு அர்த்தமாம், எனக்கென்னவோ குங்குமம்தான் பொருத்தமா படுது. பொண்ணு குருவிக்கு இவ்ளோ மேக்கப் இல்ல, மங்கலான உடம்பு, வால்கிட்ட மட்டும் செவப்பு.

பேர்தான் பூங்கொத்தி, உயிரெல்லாம் பழத்துல, அதுலயும் புல்லுருவிப் பழம்னா விடாது. ஓசிச்சோறு தின்னுறவனைப் புல்லுருவின்னு திட்டுவோம்ல, அந்தச் செடியேதான், மரத்து மேல ஒட்டிக்கிட்டு அதோட சாறை உறிஞ்சி வளரும். மண்ணுல விழுந்தா அதோட விதைக்குப் பொழப்பே இல்ல, கிளையில ஒட்டியாகணும், அதுக்குத்தான் விதையைச் சுத்தி அப்படி ஒரு பசை. குருவி தின்ன கொஞ்ச நேரத்துலயே விதை பின்னாடி வந்துடும், ஆனா பசையால விழாம நூல் மாதிரி தொங்கும், அப்ப அய்யா என்ன பண்றாருன்னா கிளையில உக்காந்து பின்பக்கத்தை இப்படியும் அப்படியுமா தேய்க்குறாரு. மொதல் தடவை பாத்தப்ப சிரிச்சு கையில இருந்த தட்டை நழுவ விட்டேன்.

போன மாசம் இதே வேலையை நாங்க துணி காயப்போடுற மூங்கில் கம்புல பண்ணிட்டுப் போயிருக்கு. ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா, "என்னடி இது, எவன் சளியைத் துப்பி வச்சிருக்கான்?"னு கத்த, நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நம்ம மாமரத்தை நாசம் பண்ணதும் இதோட சொந்தக்காரங்கதானா"ன்னாங்க. துடைக்க விடல நான். கொஞ்ச நாள்ல பச்சையா ஒரு முளை, நுனியில குமிழ் மாதிரி, மூங்கிலுக்குள்ள நுழைய வழி தேடி வளைஞ்சு நின்னுச்சு. செத்த மூங்கில்ல என்ன கிடைக்கும், காஞ்சுடுச்சு. அப்பவும் விதை விடல, கத்தியால சுரண்டுனேன், மூங்கில் தோலும் சேந்து வந்துச்சு. அம்மா இப்ப அந்தக் கம்புல அவங்க புடவையைப் போடறதே இல்ல.