ஓடைக்கரை நாட்குறிப்பு

நவம்பர் 8, சனி
ஓடைல கலங்கல் தெளிஞ்சிருச்சு, இனி மீன்கொத்திக்கு கொண்டாட்டம்தான். வளைவுல சாஞ்ச கிளைல சின்ன நீல மீன்கொத்தி, கீழ் அலகு ஆரஞ்சா இருந்துச்சு, அப்ப பொண்ணு. குதிச்சு எடுத்த மீனை கிளைல ரெண்டு அடி அடிச்சு, தலை முன்னாடி வர்ற மாதிரி திருப்பித்தான் முழுங்குது, இல்லன்னா துடுப்பு தொண்டைல குத்தும்.

நவம்பர் 9, ஞாயிறு
பறவை பெருசா இல்ல. சேத்துல நீர்நாய் தடம், பாறை மேல மீன் செதிலோட எச்சம். ஆளைத்தான் காணோம்.

நவம்பர் 16, ஞாயிறு
இன்னைக்கு வேட்டை! மூங்கில் பக்கம் திடீர்னு ஒரு கலப்புக் கூட்டம், மின்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், பட்டைல தலைகீழா ஓடுற பசையெடுப்பான்னு எல்லாம் ஒண்ணா மேஞ்சுட்டு போகுது, நடுவுல துடுப்புவால் கரிச்சான். மத்ததுங்க கிளறிவிடுற பூச்சிய இவரு நோகாம அந்தரத்துல பிடிச்சுக்குறாரு, பதிலுக்கு பருந்து கிருந்து வந்தா மொதல்ல கத்துறதும் இவருதான். போன்ல, குரலை வச்சு பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப் "வல்லூறு"ன்னு காட்டுது, நானும் கழுத்து வலிக்க வானத்தை தேடுறேன், கடைசில பாத்தா அந்தக் குரலும் கரிச்சானோடது! மிமிக்ரில கில்லாடி. ஆப்பிரிக்கால இதோட சொந்தக்கார கரிச்சான் ஒண்ணு சும்மாவே ஆபத்துன்னு கத்தி, கீரி மாதிரி இருக்குற மீர்கேட் பயந்து போட்டுட்டு ஓடுற இரையை எடுத்துக்குமாம். அதனால வல்லூறை இன்னைக்குப் பாத்த பறவை லிஸ்ட்ல சேக்கல, கரிச்சான் இருக்குற எடத்துல கண்ணால பாக்காம எந்தக் குரலையும் நம்பக்கூடாதுங்கறது என் கட்சி.

நவம்பர் 22, சனி
பாறைல சாம்பல் வாலாட்டி, வால் ஒரு நிமிஷம் சும்மா இல்ல. இருட்டு விலகறப்போ ஆறுமணிக்குருவி ரெண்டு தடவ விசிலடிச்சுச்சு, கூடவே இன்னொண்ணு பதில் சொல்லுதேன்னு சந்தோஷமா போய் எட்டிப்பாத்தா புதர் பக்கத்துல அதே விசிலை ஓடவிட்ட புளூடூத் ஸ்பீக்கர், பின்னாடி பெரிய லென்ஸோட ஒருத்தர். வடக்கேருந்து ராத்திரி ராத்திரியா பறந்து வந்து, சருகுக்குள்ள புழு தேடி உடம்ப தேத்திக்கிட்டு இருக்குற குருவி, தன் எடத்துக்கு எவனோ போட்டிக்கு வந்துட்டான்னு மேய்ச்சலை விட்டுட்டு அந்தப் பெட்டிய சுத்தி சுத்தி வருது. கரிச்சான் ஏமாத்துறதாவது வயித்துப்பாட்டுக்கு. "சார், இதை நிறுத்துங்க, சும்மா உக்காந்திருந்தாலே அது வெளிய வரும்"னு சொன்னேன். நிறுத்திட்டார், மூஞ்சிதான் கடுகடுன்னு ஆயிருச்சு.