கேம் ரிக்கர் வேலைக்கு நான் வந்த வழி

கேம் கேரக்டர்களின் உருவத்தைச் செய்யும் 3டி மாடலிங் படித்துக்கொண்டிருந்த என்னை, அந்த உருவம் அசைவதற்கான எலும்புக்கூட்டைக் கட்டும் ரிக்கிங் பக்கம் இழுத்தது ஒரு முன்கை. கேரக்டரின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பினேன். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கை, ஈரத் துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு சிறுத்துவிட்டது. ஏன் இப்படி என்று தேடப் போனவன் மாடலிங்குக்குத் திரும்பவே இல்லை.

ரிக்கின் எலும்புக்கூடு ஜாயிண்டுகளால் ஆனது; தோலை அதோடு சேர்த்து அசைக்க கேம்களில் பெரும்பாலும் நடப்பது லீனியர் பிளெண்ட் ஸ்கின்னிங். தோலின் ஒரு புள்ளியை இரண்டு ஜாயிண்டுகள் இழுத்தால், அவை தனித்தனியே அதை எங்கே கொண்டுபோகும் என்று பார்த்து, வெயிட்டுக்கு (எந்த ஜாயிண்டுக்கு எவ்வளவு பங்கு என்ற எண்) ஏற்றபடி சராசரி எடுப்பார்கள். ஒரு ஜாயிண்ட் 180 டிகிரி திரும்பி, வெயிட்டும் பாதிப் பாதியாக இருந்தால் அந்தச் சராசரி எலும்பின் நடுக்கோட்டில் போய் விழும். கை அந்த இடத்தில் காணாமலே போய்விடும்.

தீர்வு நம் உடம்பிலேயே இருக்கிறது. உங்கள் உள்ளங்கையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டில் தோல் முழுதாகத் திரும்பும், முழங்கைக்கு அருகே அசையவே அசையாது. உள்ளே இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகப் புரள்கிறது. ரிக்கில் இதற்காக முன்கை நெடுகிலும் திருகலை மட்டும் வாங்கும் ட்விஸ்ட் ஜாயிண்டுகள் வைத்து, முழங்கைப் பக்கம் திருகலில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு பங்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். தோளும் அப்படித்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 டிகிரியில் ஏறத்தாழ 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அதை விட்டுவிட்டு மேல்கை ஜாயிண்டை மட்டும் சுழற்றினால் அக்குள் மடிந்து நசுங்கும். உடற்கூறு படிக்காமல் ரிக்கிங் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரிய ஸ்டுடியோக்களில் மாயா பரவலாக இருக்கிறது; பிளெண்டர் இலவசம், அதில் ரிகிஃபை என்ற ஆட்-ஆன் முழு உடம்புக்கும் ரிக்கை உருவாக்கித் தந்துவிடும். ஆனாலும் ஒரு முழு உடம்பையாவது கையால் கட்டிப் பார்த்துவிட்டு ஆட்டோ ரிக்குக்குப் போங்கள். ஜாயிண்டின் அச்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ரொட்டேட் ஆர்டரை (மூன்று அச்சுகளும் சுழலும் வரிசை) மாற்றினால் கிம்பல் லாக் (இரண்டு அச்சுகள் ஒன்றாகிச் சுழற்சி சிக்கிக்கொள்வது) எங்கே தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கைவரும்.

பைத்தான் நிரல்மொழி கட்டாயம். ரிக்கை முடித்துவிட்டோம் என்று நிமிரும்போது, "இடுப்பைக் கொஞ்சம் ஒல்லியாக்கிட்டேன்" என்று மாடலர் புது மெஷ்ஷோடு (உருவத்தின் மேற்பரப்பு) வருவார். வருவது அவர் வேலை. எனவே ரிக்கை நாம் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட்டே கட்ட வேண்டும். நாம் ஜாயிண்டுகளின் இடத்தை நகர்த்திவிட்டு அதை மறுபடி ஓடவிட வேண்டும். இது பழகியபின்தான் எனக்கு இந்தத் தொழிலில் பயம் விட்டது.

அடுத்தது எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள். மாயாவில் கட்டிய கன்ட்ரோல்கள் (அனிமேட்டர் பிடித்து இழுக்கும் கைப்பிடிகள்), கன்ஸ்ட்ரெயிண்டுகள் (ஒன்றின் அசைவை இன்னொன்றோடு பிணைப்பவை) எதுவும் எஃப்பிஎக்ஸ் கோப்பு வழியாக வேலை செய்யும் நிலையில் கேமுக்குள் போகாது. ஜாயிண்டுகள், ஸ்கின் வெயிட்டுகள், பிளெண்ட் ஷேப்புகள் (முகபாவம் போன்றவற்றுக்கு முன்பே செதுக்கிய வடிவங்கள்), அவற்றின் அசைவு, இவ்வளவுதான் போகும். ட்விஸ்ட் ஜாயிண்டின் அசைவை அனிமேஷனோடு பேக் செய்வதா (ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்துவைப்பதா), எஞ்சினுக்குள்ளேயே கணக்கிட வைப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மொபைல் கேம் என்றால் தோலின் ஒரு புள்ளிக்கு, அதாவது வெர்டெக்ஸுக்கு, பெரும்பாலும் நான்கு ஜாயிண்டுகளுக்கு மேல் அனுமதி கிடைக்காது. விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு இருப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் எல்லாரும் பிழைக்க வேண்டும், நம் கேரக்டர் உட்பட.

நான் மிக அதிகமாகக் கற்றது ஒரு அனிமேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துதான். என் ரிக்கைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பார்த்தேன். கேரக்டர் சுவரைப் பிடித்து நிற்கும்போது ஐகே (கை நுனியை வைத்தால் முழங்கை தானே மடங்கும் முறை), கையை வீசி ஓடும்போது எஃப்கே (தோளிலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகச் சுழற்றும் முறை) என்று ஒரே ஷாட்டில் மாற்றினார். மாற்றும் ஒவ்வொரு முறையும் கையை மறுபடி இடத்துக்குக் கொண்டுவரவே அவருக்கு நேரம் போனது. "மாத்தினா கை அங்கேயே நிக்கணும்பா, அது போதும் எனக்கு" என்றார். ஐகே–எஃப்கே மேட்சிங்கை ஒரே பட்டனில் செய்து கொடுத்தேன். அழகழகான கன்ட்ரோல் வடிவங்களைவிட அந்த ஒரு பட்டனைத்தான் அவர் எல்லாரிடமும் சொன்னார்.

வேலை தேடும்போது காட்டும் டெமோ ரீலில் டிராகனும் எட்டுக்கால் பூச்சியும் வைக்க ஆசை வரும். நான் வைத்தது ஒரே ஒரு மனித உருவம்: தோள், முன்கை, இடுப்பு மூன்றும் கடைசி எல்லை வரை மடங்குவது, வெயிட்டுகளைக் காட்டுவது, பிறகு அதே கேரக்டர் அன்ரியல் எஞ்சினில் ஓடுவது. முகத்துக்கு, முக அசைவைப் படிக்கும் ஆப்பிளின் ஏஆர்கிட்டில் உள்ள 52 ஷேப்புகளை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். நேர்காணலில் ரீலைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். ஒரு மெஷ்ஷைக் கொடுத்துக் கையை மட்டும் ரிக் செய்து எஞ்சினில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். முடித்துக் காட்டியபின், "கேம் பாதி முடிந்த நிலையில் ஒரு ஜாயிண்டின் பெயரை மாற்ற வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி. அந்த எலும்புக்கூட்டில் அதுவரை செய்த அனிமேஷன் அத்தனையும் அந்தப் பெயரைத்தான் நம்பியிருக்கும், அதனால் முடிந்தவரை மாற்றமாட்டேன், பழைய பெயரை வைத்துக்கொண்டே வழி தேடுவேன் என்றேன். வேலை கிடைத்தது.